பட்டாளத்தில் அடிபட்டு வீடு திரும்புகிறவருக்கு என்ன உண்டு, என்ன இல்லை

கேள்வி, 9 ஜூன் 2024

வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர்: "அக்கா மகன் பட்டாளத்தில் நாலு வருஷத் திட்டத்தில் அக்னிவீராகச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. பயிற்சியில் சுவர் ஏறும்போது விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. இரண்டு ஆபரேஷன் ஆகி, இன்னும் ராணுவ ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். நாலு வருஷப் பையன்களுக்கு ஒன்றும் கிடையாது, பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நிஜமா?"

9 ஜூன், இரவு

ஒன்றும் கிடையாது என்பது பொய். பென்சன் கிடையாது என்பது நிஜம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பையனுக்கு போன் போட்டு, இன்ஜுரி ரிப்போர்ட் எழுதிவிட்டார்களா, நகல் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் படிவத்துக்கு ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்று பெயர். எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது, டியூட்டியில் இருந்தானா இல்லையா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். விழுந்தபோது பக்கத்தில் நின்ற பையன்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் சாட்சிக்கு ஆள் கிடைக்காது.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. மயக்க மருந்து தெளியாதவனிடம் நீட்டினாலும் சரி, வலிக்கு ஊசி போட்ட கையோடு நீட்டினாலும் சரி.

10 ஜூன்

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரே ஓர் எழுத்துக்காக ஏழு வருஷம் அலைந்தோம்.

நான் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை. தமிழ் மீடியத்தில் பாடம் நடத்துகிறவள். எங்கள் வீட்டுக்காரர் சாப்பர், பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, அள்ளுவது எல்லாம் பார்க்கும் ராணுவப் பொறியியல் படைக்காரர். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை முழுக்கப் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஆபரேஷன் பராக்கிரம். அப்போது புதைத்த கண்ணிவெடிகளைப் போர் நடக்காமலே திரும்ப அள்ள வேண்டிவந்தது. 2003 ஜனவரியில் ராஜஸ்தான் எல்லையில் அப்படி அள்ளும்போது இவருக்கு இடது கால் போனது, முழங்காலுக்குக் கீழே. காற்று மணலை நகர்த்தியதில் கண்ணியும் வரைபடத்தில் குறித்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தது என்று சொல்வார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அடிபட்டவர்களை ராணுவம் ஏ முதல் இ வரை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறது. 2001 ஜனவரி 31ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் அது. ஏ, பணிக்குச் சம்பந்தமில்லாதது. பி, பணியால் வந்த அல்லது பணியால் கூடிய நோய். சி, டியூட்டியில் நடந்த விபத்து. டி, பயங்கரவாதிகள், சமூக விரோதிகள் தாக்கியது. இ, போர், எல்லை மோதல், அப்புறம் கண்ணி புதைப்பதும் அள்ளுவதும். கண்ணி என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் இவருடைய காகிதத்தில் யாரோ ஒருவர் "விபத்து" என்று எழுதி, சி என்று போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. போர் நடக்கவில்லை, வெடி வெடித்தது, அப்படியானால் விபத்துதானே என்று நினைத்திருப்பார்.

அந்த ஒரு எழுத்தில் என்ன இருக்கிறது? இவரை உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்கள். 2010இல் சர்வீஸ் முடிந்து வந்தார். சி என்றால் 100 சத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இ என்றால் அது போர்க்காயப் பென்சன், இவரைப் போல் சர்வீஸ் முடித்து வந்தவருக்கு 60 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. ஊனம் குறைய, தொகையும் அந்த விகிதத்தில் குறையும். காயத்தோடேயே வெளியே அனுப்பப்பட்டவர் என்றால் இ-யில் 100 சத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும்.

எட்டு வயது மகளை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்ட நோட்டு இன்னும் இருக்கிறது. கடைசிச் சம்பளம் 14,000 என்று வைத்து, 75 சத ஊனத்துக்கு ஒரு பக்கம் 3,150, இன்னொரு பக்கம் 6,300. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, தொகை மட்டும் மனதில் நிற்கிறது.

11 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 75 என்று போட்டேன், ராணுவ மருத்துவ போர்டு கொடுத்தது 60. அது 75 ஆனது பிறகு.

ஊனத்தை மேல்நோக்கி முழுமையாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 50க்குக் கீழே இருந்தால் 50, 50இலிருந்து 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100. முதலில் இது காயத்தால் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைப் பாலக்காட்டில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், இவரோடு சர்வீஸில் இருந்த நண்பர் இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருக்கும்போது சொன்னார். அடுத்த மாதமே வக்கீலைப் பார்த்தோம்.

11 ஜூன், மதியம்

உங்கள் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். அக்னிவீருக்கு:

அடிபட்டது பணியால் என்று போர்டு எழுதினால் ஒரே தடவையாக ஒரு தொகை. 100 சதம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம். நாலு வருஷத்தில் மீதமுள்ள மாதங்களுக்கு முழுச் சம்பளமும், சேவா நிதியும் சேரும். மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அதே அளவு அரசும் போட்டு வைக்கிறார்களே, அந்தப் பணம்தான் சேவா நிதி.

பென்சன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்து இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இல்லை. மிலிட்டரி கேன்டீனும் இல்லை. எல்லாரும் பேசுவது 44 லட்சத்தைப் பற்றி. எனக்கு வயிற்றைப் பிசைவது இ.சி.எச்.எஸ். இல்லை என்ற வரி. காரணம் பிறகு எழுதுகிறேன், பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது.

15 ஜூன்

பையனின் சித்தி, முதலில் எழுதிய அதே வாசகர், மறுபடியும் கேட்கிறார்: "அடிபட்டவனை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்று சட்டம் இருக்கிறதாமே?"

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 20ஆம் பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனமானவரை அரசு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலைக்கு முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு வயது வரை தனியாக ஒரு பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். பழைய 1995 சட்டத்தில் 47ஆம் பிரிவாக இருந்தது. எஸ்.எஸ்.பி. என்ற மத்தியப் படையில் இருந்த காவலர் ஒருவருக்குக் கால் எடுத்த பிறகு வேலையும் போனது. அவருக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, குணால் சிங் வழக்கு.

16 ஜூன்

நேற்று எழுதியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தூக்கம் வரவில்லை எனக்கு, ஒரு குடும்பத்துக்குப் பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டேனோ என்று.

சட்டம் இருப்பது நிஜம். ஆனால் வேலையின் தன்மையைப் பார்த்து ஒரு துறைக்கு அரசு விலக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ராணுவத்தில் சண்டைப் பணியில் இருப்பவர்களுக்கு 1995 சட்டத்தின் காலத்திலேயே அப்படி விலக்கு அறிவித்துவிட்டார்கள். அலுவலக குமாஸ்தாவுக்கு உள்ள காவல் கண்ணிவயலில் நிற்கிறவனுக்கு இல்லை. ஏன் என்று இவரைக் கேட்டேன். "பட்டாளத்துக்கு ஓடுகிற கால் வேணும், அதில் தப்பில்லை" என்றார். ஓட முடியாதவனுக்கு ஸ்டோரும் கணக்குப் புத்தகமும் இருக்கிறதே, உங்களை வைத்துக்கொண்டார்களே என்றேன். "என் கமாண்டிங் ஆபீசர் நல்ல மனுஷன்" என்றார். இதில்தான் எனக்குச் சண்டை. நல்ல மனுஷன் கையில் விழுந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு என்று இருக்கலாமா?

30 ஜூன்

இ.சி.எச்.எஸ். பற்றிச் சொல்கிறேன் என்றேன். காலைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது: ஒரு கால் போச்சு, ஒரு கால் மாட்டினார்கள், முடிந்தது. இந்த இருபத்தொரு வருஷத்தில் இவருக்கு இப்போது இருப்பது ஆறாவது கால். வெட்டிய இடம் அப்படியே இருக்காது. தசை வற்றும், உடம்பு ஏறினால் அதுவும் ஏறும். சாக்கெட் என்பது அந்த இடத்தை அச்செடுத்துச் செய்த கிண்ணம் மாதிரி. உள்ளே இருப்பது ஒரு விரற்கடை மெலிந்தாலும் கிண்ணம் ஆடும். ஆடினால் உரசும். உரசினால் புண். புண் ஆறும் வரை கால் மாட்டக் கூடாது, வேலைக்குப் போக முடியாது.

ஒரு நாளைக்குள்ளேயே மாறும். காலையில் வெட்டிய இடத்துக்கு மேல் ஒரு சாக்ஸ் போதும். மத்தியானம் ஆனால் உள்ளே வற்றி லொடலொடவென்று ஆகும், மேலே இன்னொரு சாக்ஸ் மாட்டுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒன்று மடித்து இருக்கும். புது மனிதர்கள் அதைக் கைக்குட்டை என்று நினைப்பார்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். இந்த ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து காலைக் கழற்றிக் கவிழ்த்தால் வேர்வை தண்ணீராகக் கொட்டும், தரையில் கோலம் போட்ட மாதிரி வட்டம் விழும். சோப்பு போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, காற்றாட விட்டு, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று நான் பார்ப்பேன். முதல் இரண்டு வருஷம் என்னைப் பார்க்க விடவில்லை. மகள்தான் ஒரு நாள் கண்ணாடியை எடுத்துவந்து "அப்பா, நான் பிடிக்கிறேன்" என்றாள்.

இல்லாத பாதத்தில் அரிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பெருவிரலைச் சொறியச் சொல்வார். விரல் இருந்த இடத்தில் போர்வையைச் சொறிவேன். சில நாள் அது கேட்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். இருபத்திரண்டு வயதில் கால் இழந்தவன் எழுபது வரை இருந்தால் எத்தனை கால் வேண்டும்? எத்தனை சாக்கெட், எத்தனை முறை அச்சு, எத்தனை புண்? இவருக்கு இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது, 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம், அதனால் ஓடுகிறது. 15 லட்சத்தையோ 25 லட்சத்தையோ ஒரே நாளில் கையில் கொடுத்துவிட்டால் பையனின் இருபத்தைந்தாவது வயதில் தங்கை கல்யாணம், முப்பதில் வீட்டுக்கூரை, முப்பத்தைந்தில் கால் வாங்கப் பணம் இருக்காது. காயம் மாதா மாதம் செலவு வைக்கிறது. அதற்குக் கொடுப்பதும் மாதா மாதம் வர வேண்டும். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்.

4 ஜூலை

"எங்கே செய்துகொண்டீர்கள்?" என்று கேட்டவருக்கு: புனேயில் இருக்கும் செயற்கை அவயவ மையம். 1944இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கியது. பாலக்காட்டிலிருந்து ஜெயந்தி ஜனதாவில் போவோம். முதல் தடவை போனபோது வராந்தாவில் வரிசையாகப் பெஞ்சு, பெஞ்சுக்குக் கீழே வரிசையாகச் செருப்பு, பாதிப் பேருக்கு ஒற்றைச் செருப்பு. என் கண் கலங்கியது. இவர் முதன்முதலாகச் சிரித்தது அந்த வராந்தாவில்தான். ஒரு கூர்க்கா, ஒரு நாகா, ஒரு ஜாட், அப்புறம் இவர். ஒருவர் காலை ஒருவர் வாங்கித் தட்டிப் பார்த்து, எடை பார்த்து, மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி.

முதுகுத்தண்டு போனவர்களுக்குப் புனே பக்கத்தில் கிர்க்கியிலும், மொஹாலியிலும் தனி மறுவாழ்வு மையங்கள் உண்டு. கிர்க்கியில் குயின் மேரீஸ் தொழிற்கல்விக் கூடமும் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஊனமான இந்தியச் சிப்பாய்களுக்காக 1917இல் தொடங்கியது, இன்றும் அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களுக்கே கை கால் போனவனுக்கு மருந்து மட்டும் போதாது, பிழைப்பும் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

20 ஜூலை

கொஞ்சம் வேறு விஷயம். ஆனால் சட்டப் பாதுகாப்பு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

முதலமடைப் பக்கம் ஒரு பெரியவர், 1971இல் சண்டையில் தோளில் குண்டு பட்டவர். பேத்தி கல்யாணத்துக்குப் பிளேடுக்காரரிடம், அதாவது அநியாய வட்டிக்காரரிடம், கடன். ஈடாகப் பென்சன் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டார். மாதம் பிறந்ததும் அந்த ஆளே எடுத்துக்கொண்டு, பெரியவருக்கு இரண்டாயிரம் கையில் கொடுப்பான். நாலு வருஷம் இப்படி. நாலு வருஷத்தில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இவர் போய்க் கேட்டார், நானும் போனேன். 1871ஆம் வருஷத்துப் பென்சன் சட்டம், 11ஆம் பிரிவு: பென்சனைக் கடனுக்காக யாரும் ஜப்தி செய்ய முடியாது. 12ஆம் பிரிவு: வரப்போகும் பென்சனை அடகு வைத்தாலும் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. பெரியவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. இதோடு கேரளத்தில் அநியாய வட்டிக்கு எதிராக 2012இல் வந்த சட்டமும் இருக்கிறது. 2014இல் ஆபரேஷன் குபேரா என்று போலீஸ் வீடு வீடாகப் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். நாங்கள் புகார் கொடுக்கவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு பிரிவையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக்கொண்டு போய் மேசை மேல் வைத்தோம். அவன் படித்தான். எழுந்து உள்ளே போய்ப் புத்தகத்தையும் கார்டையும் கொண்டுவந்து வைத்தான். பெரியவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை வேட்டி மடிப்பில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

21 ஜூலை

ஒருவர் கேட்டிருக்கிறார், பணியில் இருக்கும் சிப்பாய்க்கும் இப்படி உண்டா என்று. உண்டு. ராணுவச் சட்டம் 1950, 28ஆம் பிரிவு: சம்பளத்தைக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. 32ஆம் பிரிவு: லீவில் வந்த சிப்பாய் வழக்கை லீவு முடிவதற்குள் கோர்ட் எடுத்துக் கேட்டு முடிக்கப் பார்க்க வேண்டும். எல்லையில் நிற்கிறவன் மேல் ஊரில் வரப்பு வழக்குப் போட்டு ஒருதலையாகத் தீர்ப்பு வாங்காமல் இருக்க 1925லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம். அவர் வர முடியாத நிலையில் இருக்கிறார் என்று அதிகாரி சான்று கொடுத்தால் வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும்.

2 ஆகஸ்ட்

வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி பார்த்து நான்கு நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சூரல்மலையில் சாப்பர்கள் பெய்லி பாலம், துண்டு துண்டாகப் பூட்டிக் கட்டுகிற இரும்புப் பாலம், கட்டி முடித்தார்கள், 190 அடி. இவர் ராத்திரி முழுக்க டிவி முன்னால். பேனல் ஒன்று நகரும்போதெல்லாம் தொடையில் கை தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். "அந்தப் பின்னைச் சரியா அடி, கண்ணு" என்று டிவிக்குள் இருக்கிற பையனிடம் சொன்னார்.

நான் கேட்டேன், இந்த வெள்ளத்தில் ஒருவனுக்கு அடிபட்டால் எந்த எழுத்து என்று. இயற்கைப் பேரிடரில் மக்களுக்கு உதவப்போய் அடிபட்டால் டி. அதே 2001 கடிதத்தில் இருக்கிறது. 10 ஜூன் குறிப்பில் டி பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டேன், சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

18 ஆகஸ்ட்

வேலந்தாவளத்திலிருந்து போன். பையனுக்கு எலும்பில் சீழ் பிடித்துக் கால் எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழேதான். முழங்கால் தப்பியது.

இன்று எழுத முடியவில்லை.

21 ஆகஸ்ட்

போர்டு வரும். வரும்போது கவனிக்க வேண்டியவை, வரிசை எல்லாம் இல்லாமல் ஞாபகம் வருகிறபடி எழுதுகிறேன்.

போர்டின் கருத்தில் "பணியால் ஏற்பட்டது" என்று இருக்க வேண்டும். "பணியால் ஏற்படவும் இல்லை, கூடவும் இல்லை" என்று எழுதினால் எல்லாம் போச்சு. பயிற்சியில் நடந்தது என்பதால் சி-யில் வரும், அதில் சந்தேகம் வேண்டாம். பையனின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருப்பதாக அவன் அம்மா அழுதார். சுவர் ஏறச் சொல்லி ஏறினான், கயிறு வழுக்கியது. ஏறச் சொன்னது டியூட்டி. அந்த வரியை எதிர்த்து அவன் தன் கையால் விளக்கம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும்.

நோய் என்றால் இன்னும் சிக்கல். அதிலும் நமக்கு ஒரு பலம் உண்டு. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது குறை ஏதும் எழுதி வைக்காவிட்டால், நல்ல உடம்போடு சேர்ந்தான் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பணியால் வந்தது என்று நிரூபிக்கிற பாரம் சிப்பாய் மேல் இல்லை.

முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடு, அப்புறம் ராணுவத் தீர்ப்பாயம். கொச்சியில் பெஞ்ச் இருக்கிறது, நாங்கள் அங்கேதான் போட்டோம். வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 1987ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் 12ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

22 ஆகஸ்ட்

திருத்தம். போன் செய்தவர் வேலந்தாவளம், கேரளம். பையன் வீடு க.க.சாவடி, தமிழ்நாடு. நடந்தே போகலாம், ஆனால் தீர்ப்பாயம் மாறிவிடும். ஊர் திரும்பியவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்தப் பகுதி பெஞ்சில் போடலாம் என்பது விதி, எனவே அவனுக்குச் சென்னை. சித்தி வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கிறேன் என்று முகவரியை இங்கே மாற்றினால் கொச்சி. இரண்டையும் யோசித்து, ஆதார், பாங்க், ஊனச் சான்று எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ரேஷன் இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம் என்று வாழ்கிறோம். அலுவலகங்களுக்கு அது புரியாது. எனக்கே ஒரு அலுவலகத்தில், தமிழில் இருந்த கல்யாணப் பத்திரிகையை மலையாளத்தில் மொழிபெயர்த்துச் சான்று வாங்கி வா என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொன்று: தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் 2015இல்தான் வழக்குப் போட்டோம். 2017இல் சி என்பது இ ஆனது, 60 என்பது 75 ஆனது. ஆனால் பாக்கி மூன்று வருஷத்துக்கு மட்டும். பென்சன் பாக்கியை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் தர வேண்டும் என்று 2008இல் தர்செம் சிங் வழக்கில் சொன்ன கணக்கு அது. 2010லிருந்து 2012 வரை வர வேண்டியது வரவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில்தான் மகளை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து நிறுத்தினோம்.

7 செப்டம்பர்

நேற்று இரவு பாரிஸ் பாராலிம்பிக்கில் ஹொகாடோ ஹொடொஷே சேமா குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கியிருக்கிறார், 14.65 மீட்டர். நாகாலாந்துக்காரர், ராணுவத்தில் ஹவில்தார். 2002இல் காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. புனேயில் அதே செயற்கை அவயவ மையத்தில் இருக்கும்போதுதான் விளையாட்டுக்குள் வந்தார். இவருக்கு மூன்று மாதம் முன்னால் அடிபட்டவர், அதே கால், அதே அளவு.

1972இல் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் வாங்கிய தங்கம்தான் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம். அவரும் 1965 போரில் குண்டு பட்ட சிப்பாய்.

பையனுக்கு இந்தச் செய்தியை அனுப்பலாமா என்று இவரைக் கேட்டேன். "இப்ப வேண்டாம். இப்ப அவனுக்குப் பாத்ரூம் போய்வருவதுதான் ஒலிம்பிக்ஸ். அதை முதலில் ஜெயிக்கட்டும்" என்றார். அனுப்பவில்லை.

12 அக்டோபர்

தகவல்: போர்டு முடிந்தது. பணியால் ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கக் கடிதம் உதவியிருக்கிறது. முதல் காலை ராணுவமே போட்டு அனுப்புகிறது, வெளியே வருவதற்கு முன் அதை மட்டும் விடாதே என்று இவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது காலுக்கு இப்போதிருந்தே வழி தேடுகிறோம். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது, மேரி வர்கீஸ் தான் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே 1966இல் உண்டாக்கியது. இந்தப் பக்கம் இரிஞ்ஞாலக்குடாவுக்கு அருகில் கல்லேற்றுங்கரையில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் உதவிக்கருவித் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனம் செய்யும் கால்களும் முகாம்களில் தருகிறார்கள். இவை எல்லாம் நல்ல இடங்கள். ஆனாலும் நாட்டுக்காகச் சுவர் ஏறியவன் முகாமில் டோக்கன் வாங்கி நிற்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐந்து பேராவது எம்.பி.க்கு எழுதுங்கள். பணியால் ஊனமான அக்னிவீருக்கு இ.சி.எச்.எஸ். அட்டை மட்டுமாவது கொடுங்கள் என்று ஒரே ஒரு கோரிக்கை. நான் எழுதிவிட்டேன்.

29 அக்டோபர்

தீபாவளி வருகிறது. பட்டாசுக்கு இவர் மாட்டுத்தொழுவத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மாடு மிரளும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பார். மாடு மிரளுவதில்லை. ராணுவ மருத்துவ வகைப்பாட்டில் எஸ், எச், ஏ, பி, இ என்று ஐந்து எழுத்து. ஏ என்றால் கை கால். முதல் எழுத்தான எஸ் மனநிலை. இவருக்கு ஏ-யில் எவ்வளவோ எழுதினார்கள், எஸ்-இல் 1, அதாவது குறை ஒன்றும் இல்லை, என்றே கடைசி வரை இருந்தது. யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பையனிடம் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

1 நவம்பர்

நேற்று பையன் வந்தான். தீபாவளிக்கு லீவு. அம்மா, சித்தி, ஒரு டிபன் பாக்ஸ் நிறைய முறுக்கு. "டீச்சர், இவன் யாருகிட்டயும் பேசறதில்லைங்க" என்றார் அம்மா. புதுக் கால், பேன்ட்டுக்குள். வாசல்படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று நின்றான். இவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "ஏறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது அது பின்னால. வா தம்பி."

திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே சரவெடி. இவர் தொழுவத்துக்குப் போகவில்லை. பையனின் சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். நுனித் தையல் உள்பக்கம் இருந்தது, அந்த இடத்தில் தோல் சிவந்து ஒரு கோடு. தன் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்ததை எடுத்து, புரட்டி, தையலை வெளியே தள்ளி, இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினார்.

"இப்படி" என்றார். "இப்ப நீ பண்ணு."

பையன் கழற்றிவிட்டுத் தானே மாட்டினான். மூன்றாவது தடவை சுருக்கம் விழவில்லை. "மாமா, ராத்திரி கட்டைவிரல் அரிக்குதுங்க" என்றான். இவர் என்னைப் பார்த்தார். நான் முறுக்கு எடுக்க உள்ளே போனேன்.